பந்தை விட்டுவிட்டுப் பாருங்கள்

போன இதழில் பேச்சுவாக்கில், "ஏப்ரல் வந்தால் எனக்கு டிராஃப்ட் காய்ச்சல்" என்று ஒரு வரி எழுதித் தொலைத்தேன். வழக்கமாக வரும் அரசியல், சினிமா, ரசப்பொடி சந்தேகங்கள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ள, இந்த மாதம் அஞ்சல் முழுக்க அமெரிக்கன் ஃபுட்பால். ஆசிரியர் சிரித்துக்கொண்டே கட்டை என் மேசையில் போட்டார். "நீங்களே இழுத்துவிட்டது, நீங்களே அனுபவியுங்கள்."

விஷயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல்.லில் 32 அணிகள். கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை ஏப்ரலில் மூன்று நாள், ஏழு ரவுண்டுகளில் வரிசைப்படி எடுத்துக்கொள்வார்கள். போன சீசனில் தேறாத அணிக்கு முதல் வாய்ப்பு. சுமார் 250 பேருக்கு வேலை. அதுதான் டிராஃப்ட்.

நான் ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிக்கும் ஸ்கவுட் இல்லை, கோச்சும் இல்லை. பிலடெல்ஃபியாவுக்கு வெளியே குடியிருக்கும், அந்த ஊர் அணியான ஈகிள்ஸின் ரசிகன். என்னிடம் இருப்பதெல்லாம் ஒரு நீல அட்டை நோட்டு. 2005 முதல் ஒவ்வொரு டிராஃப்ட் இரவும் யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று எழுதிவைப்பேன். சில வருஷம் கழித்து சிவப்பு மையில் நானே திருத்துவேன். இப்போது அந்த நோட்டில் நீலத்தைவிடச் சிவப்பு அதிகம்.

இண்டியானாபொலிஸில் பிப்ரவரி கடைசியில் பையன்களை வரிசையாக நிறுத்தி உயரம், எடை, கை நீளம், உள்ளங்கை அகலம் வரை அளக்கிறார்கள். பெண் பார்க்கும் படலம்கூட இவ்வளவு மோசமில்லை. இதிலிருந்து ஏதாவது தெரிகிறதா?
— ஒரு வாசகி, ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்

அந்தக் 'கம்பைன்' எனக்கு நினைவுபடுத்துவது அந்தியூர்ச் சந்தையை. ஆடித் திருவிழாவில் பெரியப்பா காளையின் பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், எல்லாம் முடிந்தபின் பத்தடி நடக்கவிட்டுப் பார்ப்பார். "பல்லும் சுழியும் விலையை அடிச்சுப் பேசறதுக்கு. வாங்கறது நடையைப் பார்த்துத்தான்" என்பார். மனிதர்களை மாட்டோடு ஒப்பிடுவது எனக்கே உறுத்துகிறது. உறுத்தட்டும். அங்கே பனியனோடு நிற்பவர்களில் பெரும்பாலோர் கறுப்பின இளைஞர்கள். எதிரே ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் அப்படி இல்லை.

சரி, அளவு. எல்லாரும் வாய் பிளப்பது 40 யார்டு ஓட்டத்துக்கு. 2017-இல் ஜான் ராஸ் என்ற ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) 4.22 வினாடியில் ஓடினார். அன்றைக்கு அது சாதனை. சின்சினாட்டி அவரை 9-வது ஆளாக எடுத்தது. காயமும் கைநழுவலுமாகப் போனதுதான் மிச்சம். அதே வருஷம் கூப்பர் கப் 4.62-இல் ஓடினார், 69-வது ஆளாகப் போனார். 2021 சீசனில் கேட்ச், யார்டு, டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்கும் புள்ளி) மூன்றிலும் லீகிலேயே முதலிடம் அவர்தான். யார்டு மட்டும் 1,947. ஆட்டத்தில் யாரும் எதிரில் ஆளில்லாமல், டிரவுசர் போட்டுக்கொண்டு, நேர்கோட்டில் 40 யார்டு ஓடுவதில்லை. வேகமாகப் போய்ச் சட்டென்று நிற்கத் தெரிகிறதா, நிற்கும்போது எதிராளி தாண்டிப் போகிறானா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கப்பின் பிழைப்பே அதில்தான் ஓடியது.

உள்ளங்கை? பந்தை எறியும் ஆளான குவார்ட்டர்பேக் ஜோ பரோவுக்கு ஒன்பது அங்குலம்தான் என்று 2020-இல் ஒரே களேபரம். என் குட்டிக் கையிலிருந்து பந்து வழுக்கிவிடுமாம், ஓய்வு பெறலாமா என்று யோசிக்கிறேன் என்று அவரே கிண்டலடித்தார். முதல் ஆளாக எடுத்தார்கள். பந்து இன்றுவரை வழுக்கவில்லை.

இத்தனை சொன்னாலும் கம்பைன் வீண் என்று சொல்லமாட்டேன். டிவியில் காட்டாத ஒன்று அங்கே நடக்கிறது: மருத்துவப் பரிசோதனை. 32 அணிகளின் டாக்டர்களும் முழங்காலை மடக்கி, தோளைத் திருகி, ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். ரசிகனுக்கும் ஸ்கவுட்டுக்கும் உள்ள உண்மையான இடைவெளி அந்த அறைதான். "எங்கள் அணிக்காரனுக்குக் கண் இல்லையா, இவனை ஏன் விட்டான்?" என்று நாம் கத்தும் பாதி நேரம், அவர்கள் கையில் நாம் பார்க்காத ஒரு ஸ்கேன் இருக்கும்.

பிலடெல்ஃபியாக்காரர்கள் சாண்டா கிளாஸையே பனிக்கட்டியால் அடித்தவர்களாமே! நீங்களெல்லாம் ஆட்டக்காரர்களை எடைபோடுவதா?
— ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்

அடித்தோம். அதாவது, நான் பிறப்பதற்கு முன்பே அடித்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கோபத்தின் அடியில் ஒரு டிராஃப்ட் இருந்ததை யாரும் சொல்வதில்லை. 1968-இல் ஈகிள்ஸ் வரிசையாக 11 ஆட்டம் தோற்றது. முதல் வாய்ப்பு நமக்குத்தான், கல்லூரியைக் கலக்கிக்கொண்டிருந்த ஓ.ஜே. சிம்ப்ஸன் வருகிறார் என்று ஊரே காத்திருந்தது. கடைசியில் போய் இரண்டு ஆட்டம் ஜெயித்துத் தொலைத்தார்கள்! முதல் வாய்ப்பு பஃபலோவுக்குப் போயிற்று. அந்த வயிற்றெரிச்சலோடு டிசம்பர் பனியில் கடைசி ஆட்டத்துக்கு வந்த கூட்டத்தின் நடுவே, ஏற்கெனவே சாண்டா வேஷத்தில் வந்திருந்த ஓர் இளைஞரைப் பிடித்து இடைவேளையில் வலம்வரச் சொன்னார்கள். வேறென்ன நடக்கும்? (சிம்ப்ஸன் பிற்காலத்தில் கொலை வழக்கில் நின்றது தனிக்கதை. அந்த வகையில் ஊர் தப்பித்தது.)

ரசிகர்களுக்கு என்ன தெரியும்? 1999-இல் உங்கள் ஊர்க்காரர்கள் டானவன் மக்நாபைப் பார்த்துக் கூவினார்களே. தெரிந்தவர்களிடம் விட்டுவிட்டுப் பேசாமல் இருக்கலாமே!
— ஒரு வாசகர், ஷார்லட்

கேட்டது நியாயம். ஒரு விளையாட்டு வானொலிக்காரர்கள் முப்பது பேரைப் பஸ்ஸில் ஏற்றி, டிராஃப்ட் நடந்த நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஓட்டக்காரர் வேண்டும் என்பது கோரிக்கை. மேயரே அந்தக் கட்சி. ஈகிள்ஸ் இரண்டாவது ஆளாகக் குவார்ட்டர்பேக் மக்நாபை எடுத்தது. மேடைக்கு வந்த பையனின் முகத்துக்கு நேரே 'பூ' என்று கூவல். அவர் எங்களுக்காகப் பதினொரு சீசன் ஆடினார், ஐந்து முறை லீகின் பாதி அணிகள் அடங்கிய பிரிவின் (கான்ஃபரன்ஸ்) இறுதிப் போட்டி வரை அணியைக் கொண்டுபோனார். ரிக்கியை நியூ ஆர்லியன்ஸ் வாங்கியது. அந்த வருஷத்துத் தேர்வுகள் அத்தனையையும், அடுத்த வருஷத்தில் இரண்டையும் ஒரே ஆளுக்குக் கொடுத்து! ரிக்கி சாதாரணக்காரர் இல்லை, 2002-இல் மயாமிக்காக 1,853 யார்டு ஓடி லீகிலேயே முதலாவதாக வந்தார். ஒரு ஆளுக்கு ஒரு தோட்டத்தையே எழுதிக்கொடுத்ததுதான் கிறுக்குத்தனம்.

ஆனால் "தெரிந்தவர்கள்" என்றீர்களே, அங்கேதான் எனக்குச் சிரிப்பு. 1998-இல் முதல் ஆள் பேட்டன் மானிங்கா, ரயன் லீஃபா என்று தெரிந்தவர்கள் மாதக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். லீஃப் 25 ஆட்டத்தோடு காணாமல் போனார். 14 டச்டவுன், எதிராளி கையில் போய் விழுந்த எறி (இன்டர்செப்ஷன்) 36. இந்த ஆட்டத்தின் மகா குவார்ட்டர்பேக் என்று பேசப்படும் டாம் பிரேடி 2000-இல் 199-வது ஆள். அவரை எடுத்த நியூ இங்கிலாந்தே அதற்குமுன் ஆறு பேரை எடுத்திருந்தது. நிஜமாகவே தெரிந்திருந்தால் 199 வரை பொறுத்திருப்பார்களா? பொருளாதார நோபல் வாங்கிய ரிச்சர்ட் தேலரும் கேட் மேசியும் இதைக் கணக்குப் போட்டார்கள். ஒரே இடத்துக்கு அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரில் முன்னால் போனவர் மேலானவராக அமைவது 52 சதவீதம். காசைச் சுண்டினால் 50.

1994-இல் இண்டியானாபொலிஸ், குவார்ட்டர்பேக்கை விட்டுவிட்டு டிரெவ் ஆல்பர்ட்ஸ் என்பவரை எடுத்தது. டிவியில் டிராஃப்ட் விமர்சகர் மெல் கைப்பர் கிழிகிழியென்று கிழித்தார். அணி மேலாளர் பில் டோபின் கேமரா முன்னால், "யார் இந்த மெல் கைப்பர்?" என்று சீறினார். ஆல்பர்ட்ஸ் மூன்று சீசன் தாண்டவில்லை. ஆனால் அதே டோபின் அன்றைக்கே, சற்று முன்பு, மார்ஷல் ஃபாக்கை எடுத்திருந்தார். ஃபாக் இன்றைக்கு மகா ஆட்டக்காரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். யார் ஜெயித்தார்கள், சொல்லுங்கள்.

எங்களுக்கு ஜஸ்டின் ஜெஃபர்சனை விட்டுக்கொடுத்ததற்கு நன்றி சார். தினமும் சாமி கும்பிடும்போது உங்களையும் நினைத்துக்கொள்கிறேன்.
— ஒரு வாசகர், மினியாபொலிஸ்

நன்றாக இருங்கள் தம்பி.

நோட்டில் அந்தப் பக்கத்தைத் திருப்பவே கை கூசுகிறது. 2020 ஏப்ரல், 21-வது வாய்ப்பு. ஈகிள்ஸ் ரிசீவர் ஜேலன் ரேகரை எடுத்தது. அடுத்த நொடி 22-இல் உங்கள் வைகிங்ஸ் ஜெஃபர்சனை அள்ளிக்கொண்டது. நான் எழுதியிருப்பது: "ரேகர் — வேகம். நமக்கு வேகம்தான் வேண்டும். சரியான தேர்வு." சிவப்பு மையில் கீழே: "கம்பைனில் ரேகர் 4.47, ஜெஃபர்சன் 4.43. முட்டாளே, வேகத்துக்கும் அவன்தான்."

ஜெஃபர்சனை ஏன் ஒதுக்கினார்கள்? கல்லூரியின் கடைசி வருஷம் அவர் பெரும்பாலும் உள்பக்கமாக நின்று ஆடினார். வெளி ஓரத்தில் தனியாக நின்று ஒரு காவலாளியைச் சமாளிப்பாரா என்று சந்தேகம். அணி அவரை எங்கே நிறுத்தியதோ அங்கே நின்றார் பாவம். அதையே அவருடைய குறையாக எழுதிவிட்டோம். முதல் வருஷமே 1,400 யார்டு, 2022-இல் 1,809. உங்கள் ஊர்க்காரர்கள் ரேகரையும் அதே 2022-இல் எங்களிடமிருந்து வாங்கிக்கொண்டீர்களே, அந்தப் பெருந்தன்மையை என்னவென்று சொல்ல!

அந்தப் பக்கத்திலேயே இன்னொரு வரியும் இருக்கிறது. 53-வது ஆள், ஜேலன் ஹர்ட்ஸ். "வீண். வென்ட்ஸுக்குப் போன வருஷம்தான் 128 மில்லியனுக்கு ஒப்பந்தம். எதற்கு இன்னொரு குவார்ட்டர்பேக்?" ஊரே அதைத்தான் சொன்னது. நான் பார்க்கத் தவறியது இது: 2018 ஜனவரியில் கல்லூரிகளின் தேசிய இறுதிப் போட்டியின் இடைவேளையில் அலபாமா ஹர்ட்ஸை உட்காரவைத்து இன்னொரு பையனை இறக்கியது. இருபது வயதுகூட ஆகாதவன், கோடிப் பேர் பார்க்க அவமானம். அணியை விட்டுப் போகவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், மாற்றாக வந்தவர் காயப்பட, ஹர்ட்ஸ் இறங்கி ஜெயித்துக்கொடுத்தார். 4.47, 4.43 என்று தசமத்தில் தொங்கிக்கொண்டிருந்த எனக்கு இது கண்ணெதிரே நடந்த சங்கதி. அதை நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் எழுதவில்லை. 2025 பிப்ரவரியில், லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில், கேன்சஸ் சிட்டியை 40-22 என்று அடித்து, ஆட்ட நாயகன் விருதைத் தூக்கிப் பிடித்தார்.

இணையத்தில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க் போடுகிறார்களே, நம்பலாமா?
— ஒரு வாசகர், சான் ஹோசே

நூற்றுக்கு மார்க் என்றால் நம் ஆட்களுக்கு ஒரு தனி மயக்கம். கட்-ஆஃப் பார்த்து வளர்ந்த கூட்டம். ப்ரோ ஃபுட்பால் ஃபோகஸ் என்ற நிறுவனம் ஒவ்வொரு ஆட்டத்தின் ஒவ்வொரு நகர்வுக்கும், ஒவ்வொரு ஆளுக்கும் மைனஸ் 2 முதல் ப்ளஸ் 2 வரை, அரை அரையாகப் போடுகிறது. மலைக்கவைக்கும் உழைப்பு, மறுக்கவில்லை. ஆனால் அந்த நகர்வில் அவருக்குக் கோச் சொன்ன வேலை என்ன என்பது திருத்துகிறவருக்குத் தெரியாது. கேள்வித்தாள் இல்லாமல் விடைத்தாள் திருத்துகிற மாதிரி. 90-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசத்தை நம்புவேன். 78-க்கும் 74-க்கும் சண்டை போடுகிறவர்களோடு ஒரு டீகூடக் குடிக்கமாட்டேன்.

கணவரும் மகனும் பார்க்கிறார்கள், நானும் கூட உட்காருகிறேன். பந்து போகிற பக்கம் கண் போகிறது. முன்னால் நிற்கும் அந்தப் பெரிய உடம்புக்காரர்களில் யார் நன்றாக ஆடுகிறார், யார் இல்லை என்று எப்படித்தான் சொல்கிறார்கள்?
— ஒரு வாசகி, ஹூஸ்டன்

அம்மா, இந்த மாதக் கட்டில் வந்த நல்ல கேள்வி உங்களுடையதுதான். ஆண்கள் ஒருவரும் இதைக் கேட்கவில்லை.

பந்து கை மாறியதும் அதை விட்டுவிடுங்கள். இடது ஓரத்தில் நிற்கிறவரை மட்டும் மூன்று வினாடி பாருங்கள். கையைப் பார்க்காதீர்கள், பாதத்தைப் பாருங்கள். சின்னச் சின்ன எட்டு வைத்துப் பின்னால் சறுக்குகிறாரா, இரண்டு பாதமும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் இருக்கிறதா? இடுப்பு தாழ்ந்திருக்கிறதா, முட்டி மடங்கியிருக்கிறதா? முட்டி விறைத்து, உடம்பு முன்னால் சாய்ந்தால் முடிந்தது கதை; அடுத்த வினாடி எதிராளி தாண்டிப் போய்விடுவான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை இப்படிப் பாருங்கள். மூன்றாவது வாரம் உங்கள் மகனுக்கு நீங்கள் சொல்லிக்கொடுப்பீர்கள்.

எங்கள் இடது ஓரக்காரர் ஜோர்டன் மைலாட்டா சிட்னிக்காரர். ஆறடி எட்டங்குலம், ரக்பி லீக் ஆடியவர். 2018-இல் 233-வது ஆளாக ஈகிள்ஸ் எடுத்தபோது அவர் வாழ்க்கையில் ஓர் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆட்ட வீடியோ இல்லை, மார்க் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த உடம்புக்கு அந்தப் பாத வேகம், அவ்வளவுதான் கையில் இருந்தது. மீதியை லைன் கோச் ஜெஃப் ஸ்டவுட்லண்ட் இரண்டு வருஷம் உட்காரவைத்துச் செதுக்கினார். டிவியில் ஆட்டக்காரர்கள் தம் கல்லூரிப் பெயரைச் சொல்வார்கள் அல்லவா? மைலாட்டா "ஜெஃப் ஸ்டவுட்லண்ட் பல்கலைக்கழகம்" என்பார். வரிசையின் நடுவில் சென்டராக நின்ற ஜேசன் கெல்ஸி நேர்மாறு: 2011-இல் 191-வது ஆள், இந்த வேலைக்கு உடம்பு போதாது என்று ஒதுக்கப்பட்டவர். பதின்மூன்று சீசன் ஆடிவிட்டு 2024-இல் அழுதுகொண்டே ஓய்வு பெற்றார். நானும் அழுதேன். 

சேக்வான் பார்க்லியை நாங்கள் விட்டது தப்பா, நீங்கள் பிடித்தது அதிர்ஷ்டமா? நேர்மையாகச் சொல்லுங்கள்.
— ஜயண்ட்ஸ் ரசிகர் ஒருவர், எடிசன், நியூ ஜெர்சி

வயிற்றெரிச்சல் புரிகிறது. 2018-இல் இரண்டாவது ஆளாக நீங்கள் எடுத்த ஓட்டக்காரர். 2023-இல் உங்களிடம் 962 யார்டு, ஓட்டத்துக்குச் சராசரி 3.9. அடுத்த வருஷம் எங்களிடம் 2,005 யார்டு, சராசரி 5.8. ஒரே ஆள், அதே கால். ஜாக்சன்வில்லுக்கு எதிராக ஒருவர் தலைக்கு மேல் முதுகுகாட்டித் தாவினாரே, அது அவருடையது. முன்னால் நிற்கும் எந்த லைன்மேனும் அதைத் தரவில்லை. ஆனால் அவர் மூச்சுவிடுமுன் இரண்டு பேர் மேலே விழாமல் பார்த்துக்கொண்டது மேலே சொன்ன பெரிய உடம்புக்காரர்கள். உங்கள் ஊரில் அவர் பந்தை வாங்கும்போதே எதிராளியும் கூடவே வாங்கினான்.

ஆக, நீங்கள் அவரை எடைபோட்டதில் தப்பில்லை. உங்கள் வீட்டை எடைபோடவில்லை. வாடகை வீட்டுக்குத் தேக்குக் கதவு வாங்கிவிட்டு, கூரை ஒழுகுகிறது என்று கதவை விற்றீர்கள். ஒரு பையன் தேறுவானா என்று என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: எங்கே போகிறான்? யார் சொல்லித்தருகிறார்? முன்னால் யார் நிற்கிறார்? சாம் டார்னால்ட் என்ற குவார்ட்டர்பேக்கை நியூயார்க் ஜெட்ஸ் அதே 2018-இல் மூன்றாவதாக எடுத்துப் பிழிந்து போட்டது. ஆறு வருஷம் கழித்து மினசோட்டாவில் 14 ஆட்டம் ஜெயித்துக்கொடுத்தார். என் நோட்டில் 2018-க்கு நேரே "டார்னால்ட் தேறமாட்டான்" என்று நீலத்தில் இருக்கிறது. அதைச் சரி என்று டிக் அடித்திருந்தேன். இப்போது அந்த டிக்கின் மேலேயே கோடு கிழித்துவிட்டேன்.

லமார் ஜாக்சனை ரிசீவராகப் போகச் சொன்னதில் நிறவெறி இருந்ததா, வெறும் தப்புக் கணக்கா?
— ஒரு வாசகி, பால்டிமோர்

கல்லூரியின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய குவார்ட்டர்பேக்கை வேறு இடத்துக்கு மாறச் சொல்வது வெறும் தப்புக் கணக்கு என்றால், அந்தத் தப்பு ஏன் எப்போதும் ஒரே நிறத்தின் மேல் விழுகிறது? வாரன் மூனை 1978-இல் ஒரு அணியும் எடுக்கவில்லை. குவார்ட்டர்பேக்காகத்தான் ஆடுவேன் என்று கனடாவுக்குப் போய், எட்மன்டனுக்கு ஐந்து கோப்பை வாங்கிக்கொடுத்து, பிறகு ஹூஸ்டன் வந்து, ஹால் ஆஃப் ஃபேம் வரை போனார். சூப்பர் பவுலில் இரண்டு பக்கமும் கறுப்பின குவார்ட்டர்பேக்குகள் ஆட்டத்தைத் தொடங்கியது 2023-இல்தான் முதல்முறை. ஜாக்சனை 32-வதாக எடுத்தார்கள். லீகின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருதை இரண்டு முறை வாங்கிவிட்டார். வார்த்தைகளைக் கவனியுங்கள்: "இயற்கையான உடல்திறன்" என்று யாரைப் பற்றி எழுதுகிறார்கள், "ஆட்டத்தைப் படிக்கிறவர்" என்று யாரைப் பற்றி எழுதுகிறார்கள்? என் நோட்டிலேயே அந்த வார்த்தைகளைத் தேடிப் பார்த்தேன். இருந்தன.

குவார்ட்டர்பேக் ஷெடூர் சாண்டர்ஸ் 144-வது இடம் வரை சரிந்தது நியாயமா?
— ஒரு வாசகர், கிளீவ்லண்ட்

2030-இல் கேளுங்கள்.

இருபது வருஷ நோட்டில் உருப்படியாகச் சொன்னது ஒன்றாவது உண்டா?
— ஒரு வாசகர், கேரி, வட கரோலினா

ஒன்று உண்டு. 2024, 40-வது ஆள், அயோவாவிலிருந்து கூப்பர் டிஜீன். முந்தைய நவம்பரில் கால் எலும்பு முறிந்ததால் கம்பைனில் ஓடவில்லை. அளவு ஏதும் இல்லாததால் எழுத எனக்கும் ஏதும் இல்லை. ஆனால் அந்தப் பெயருக்கு நேரே, "கண்டிப்பாக இவன்தான்!!" என்று இரண்டு ஆச்சரியக்குறியோடு இருக்கிறது. 2025 சூப்பர் பவுல் அன்று அவருக்கு 22-வது பிறந்தநாள். கேன்சஸ் சிட்டியின் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் எறிந்த பந்தைப் பிடுங்கி 38 யார்டு ஓடி டச்டவுன் அடித்தார்.

ஆச்சரியக்குறி போடுவது என் வழக்கமில்லை. அது என் மகளின் கையெழுத்து. ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டேன். மினசோட்டாவுக்கு எதிரான கல்லூரி ஆட்டத்தில் டிஜீன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி அடித்த டச்டவுனை, ஓடுமுன், ஓடமாட்டேன் என்பதுபோல் கையை அசைத்தார் என்று சொல்லி நடுவர்கள் செல்லாததாக்கினார்கள். அதைப் பார்த்திருக்கிறாள். "பாவமா இருந்துச்சுப்பா" என்றாள்.